பூசாத பாதி

சுத்தியலின் இரும்புத் தலை அவள் கையில் இருந்தது, மரப்பிடி மகன் கையில். இருவரும் பேசாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே கூடத்தில் அவள் கணவருடைய உடல் வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று இருவருமே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“விடும்மா.”

“விட மாட்டேன்.”

“கை போயிடும்.”

“போகட்டும்.”

அவன் லாரிப் பட்டறையில் டயர் கழற்றுகிறவன். ஒரு திருகு திருகினான். சுத்தியல் அவனோடு போயிற்று. அவள் பின்னால் சாய்ந்து அலமாரியில் மோதினாள். வண்ணக் குழாய்களும் தூரிகை நட்டு வைத்திருந்த ஜாடியும் தரையில் விழுந்தன. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு எட்டில் ஜன்னலை அடைந்து ஓங்கி அடித்தான். முதல் அடியில் கண்ணாடி உதிர்ந்தது. இரண்டாவது அடியில் சட்டம் பிளந்தது. மூன்றாவது அடிக்கு எதுவும் மிச்சமில்லை. அப்படியும் அடித்தான். சுவரில் காரை பெயர்ந்தது.

“இந்த ஜன்னல்தான் அவரைத் தின்னுச்சு. இருபத்தாறு வருஷம் இதுக்கு முன்னாடியே நின்னாரு. நம்ம மூஞ்சிய இவ்வளவு நேரம் பாத்திருப்பாராம்மா?”

மாடிப்படியில் காலடி கேட்டது. அவளுடைய தம்பி பாதிப் படியில் நின்று குரல் கொடுத்தான்.

“அக்கா, என்ன சத்தம்?”

“ஜன்னல் உடைஞ்சிருச்சு. நீ கீழ இரு. வர்றவங்களைப் பாரு.”

“தானா உடைஞ்சுதா?”

“போன்னு சொல்றேன்ல!”

தம்பி இறங்கிப் போனான்.

உடைந்த ஜன்னலுக்கு வெளியே, ஒரு சந்து அகலத்தில், எதிர்வீட்டு மரக்கடைக்காரர் புதிதாக எழுப்பிய மாடியின் சுவர் நின்றது. இடது பாதி சிமென்ட் பூசிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. வலது பாதி இன்னும் செங்கல். நேற்றுக் காலை கொத்தனார் சாரத்திலேயே போட்டுவிட்டு ஓடிய கரண்டி பலகை விளிம்பில் கிடந்தது.

ஆறு மாதம் முன்புவரை அங்கே சுவர் இல்லை. மரக்கடைக்காரரின் தாழ்ந்த கூரைக்கு மேலே ஒரு சரிவு தெரியும், சரிவின் அடியில் ரயில் தண்டவாளம், அதற்கும் அப்பால் ஆறு திரும்பும் இடம். அந்த ஒரே காட்சியை அவர் நூற்றுக்கு மேல் வரைந்திருப்பார். தான் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதங்களைத் தரையில் வெள்ளைச் சாயத்தால் வரைந்து வைத்திருந்தார். அதில் கால் வைத்து, ஒரு கண்ணை மூடி, வாயைக் கோணிக்கொண்டு நிற்பார். கல்யாணமான புதிதில் காப்பியோடு வாசலில் வந்து அவள் கேட்டிருக்கிறாள்:

“யாருக்குக் கண்ணடிக்கிறீங்க?”

“ஆத்துக்கு.”

“பதிலுக்கு அடிச்சுதா?”

“உன்னை மாதிரிதான். ரொம்ப நேரம் யோசிக்குது.”

அந்த மனிதரேதான் சுவர் எழ ஆரம்பித்ததும் வேறு ஆளாகிப்போனார். முதல் வரிசை செங்கல் தெரிந்த அன்று வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் டப்பாவைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தார். அடுத்த வாரம் நாற்காலி பறந்தது. ஈரச் சுவரில் மோதி நான்கு செங்கல்லைச் சரித்துக்கொண்டு சந்தில் விழுந்தது. சமாதானம் பேச வந்த மரக்கடைக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவில் வைத்துச் சுழற்றினார். நடுவில் புகுந்த மகனுக்கு உதடு கிழிந்தது. “இன்னும் ஒரு வரிசை ஏத்தினே, குத்திடுவேன்!” என்று ஜன்னலில் நின்று அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

பிறகு மூன்று வாரமாக ஒரு சத்தமும் இல்லை. சுவர் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. அவர் விடிந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுக்கு வந்தால் தலை நிமிராமல் தின்றுவிட்டுப் போனார். கத்தலைவிட அந்த மௌனத்துக்குத்தான் அவள் பயந்தாள்.

“அந்த வீட்டுல பொம்பளைங்கதான் இருக்காங்க” என்றாள் இப்போது. “மரக்கடைக்காரரு தானாவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துட்டாரு. அங்க போய் யாரை அடிக்கப் போற?”

“கதவை அடிப்பேன். படியை அடிப்பேன். யாரு குறுக்க வந்தாலும் அடிப்பேன்.”

“அவங்க பொண்ணு உன்கூடப் படிச்சவ.”

“எங்கப்பா மண்டை எப்படிப் பிளந்திருக்குன்னு அவளும் பாக்கட்டும்.” அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்தான். கையில் கண்ணாடி கீறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. முகத்தில் அது பரவியது. “சண்டைக்குப் போனாரு, சரி. எத்தனை தடவை போயிருக்காரு! தள்ளிவிட்டிருக்கலாம். நாலு பேரைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த ஆளு இரும்புக் கம்பியை வெச்சுக்கிட்டுப் படி மேல தயாரா உட்கார்ந்திருந்திருக்கான். காலைல ஏழு மணிக்கு! அப்பா வரப்போறாருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? சொல்லு. எப்படித் தெரியும்?”

அவள் கட்டைவிரலை முந்தானையில் அழுத்தித் தேய்த்தாள்.

நேற்று அவள் அடுப்படியில் இருந்தாள். “நிறுத்து! பூசாதே! நிறுத்துடா!” என்று அவர் குரல். மாடிப்படியைக் குலுக்கிக்கொண்டு இறங்கும் சத்தம். எதிர்வீட்டு வெளிப்படியில் ஏறும் சத்தம். அப்புறம் ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல ஒன்று. அவள் ஓடிப் போனபோது அவர் படிக்குக் கீழே மடங்கிக் கிடந்தார். பக்கத்தில் கத்தி. அதன் நுனியெல்லாம் சிவப்பு. மரக்கடைக்காரர் படி உச்சியில் கம்பியோடு நின்றிருந்தார். “குத்த வந்தாரும்மா, குத்த வந்தாரும்மா” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு வந்த போலீஸ்காரர் அந்தக் கத்தியை மோந்து பார்த்தார். விரலால் தடவினார். “இது பெயின்ட். வண்ணம் குழைக்கிற கத்திம்மா இது. இதால வாழைப்பழத்தைக்கூட ஒழுங்கா நறுக்க முடியாது” என்றார்.

அதற்கு முன்பே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவருடைய மருந்துச் சீட்டை எடுக்க அவள் இந்த அறைக்கு ஓடி வந்தாள். அவர் வரைந்துகொண்டிருந்த படம் ஸ்டாண்டில் திறந்தபடி இருந்தது. அவர் கையெழுத்துப் போடாத படத்தை வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது. சாயங்காலமானால் அவரே அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். தெருவில் அவர் தலையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தபோதும், இருபத்தாறு வருஷப் பழக்கத்தில், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படத்தைத் தூக்கிச் சுவர் பார்க்க வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். கட்டைவிரலில் ஒட்டிய வண்ணம் இன்னும் போகவில்லை.

மகன் வாசலை நோக்கி நடந்தான். அவள் பாய்ந்து கதவை மறித்தாள்.

“தள்ளு.”

“ஒரு நிமிஷம் இருடா.”

“தள்ளும்மா. உன்னையும் அடிச்சிடுவேன். எனக்குக் கண்ணு தெரியல.”

“அந்தப் படத்தைத் திருப்பு.”

“எதை?”

“உங்கப்பா கடைசியா வரைஞ்சதை. பூசாதேன்னு கத்தினாரு. கட்டாதேன்னு கத்தல. நேத்திலிருந்து அது காதுலயே இருக்கு. திருப்பிப் பாத்துட்டு அப்புறம் எங்க வேணா போ.”

அவன் காலாலேயே உதைத்துத் திருப்பியிருப்பான். ஆனால் குனிந்தான். இடது கையால் விளிம்பைப் பிடித்துத் திருப்பிச் சுவரில் சாய்த்தான்.

ஆறு இல்லை. தண்டவாளம் இல்லை. சுவர் இருந்தது.

செங்கல் செங்கலாக வரைந்திருந்தார். ஒன்று கருகியிருந்தது, ஒன்று மாம்பழத் தோல்போல மஞ்சள் தட்டியிருந்தது. ஒன்றின் மூலை உடைந்திருந்தது. அவர் எறிந்த நாற்காலி பட்டு உடைந்த செங்கலாகவே இருக்க வேண்டும். காலை வெயில் மேலிருந்து சரிந்து விழ, ஒவ்வொரு வரிசைக்கும் கீழே மெல்லிய நிழல். சாரத்தில் கொத்தனார் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இடது பக்கமெல்லாம் முடிந்திருந்தது. வலது பக்கம் பென்சில் கோடுகள் மட்டும். கடைசியாக வரைந்த செங்கல் பாதியில் இழுபட்டு நின்றது.

“இந்தச் சுவரையா?” என்றான் மகன். “இதைத்தான் மூணு வாரமா…”

“நானும் இப்பதான் பாக்கறேன்.”

“அப்ப சண்டைக்குப் போகலியா?”

“மீதியை வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் பூசாம ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லப் போயிருக்காரு. அவருக்குக் கேக்கத் தெரியாதே. தண்ணி கேட்டாலே சண்டை மாதிரிதான இருக்கும். வேலைல இருந்து அப்படியே ஓடியிருக்காரு, கையில இருந்ததைக் கீழ வைக்கக்கூடத் தோணல.”

அவன் கண்கள் மறுபடி சிவந்தன. “அப்ப அந்த ஆளு… ஒண்ணுமே செய்யாத மனுஷனை…”

“மரக்கடைக்காரரு மேல தப்பில்ல.”

“என்னது?”

அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“நான்தான் போய்ச் சொன்னேன். முந்தாநாள். பின்வாசல் வழியா. இவரு பேச்சே இல்லாம இருக்காரு, எப்பவும் கையில கத்தி வெச்சிருக்காரு, எனக்குப் பயமா இருக்கு, கேட்டைத் தாழ்போட்டு வைங்க, கொஞ்ச நாளைக்குக் கையில எதையாவது வெச்சுக்குங்கன்னு. நான் சொன்னேன்டா. என் வாயால சொன்னேன். அந்த மனுஷன் அதுவரைக்கும் பயப்படவே இல்ல.”

சுத்தியல் மேலே போயிற்று. அவள் கண்ணை மூடவில்லை. அவன் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உதட்டில் அந்தத் தையல் தழும்பு துடித்தது.

அடி தரையில் விழுந்தது. வெள்ளைப் பாதங்களில் ஒன்று நடுவில் பிளந்தது. மறுபடி அடித்தான். மறுபடி. தரையோடு சண்டை போடுகிறவன்போல மண்டியிட்டு அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் அவன் அப்படித்தான் முனகுவான். பிறகு சுத்தியலை வீசினான். அது கண்ணாடித் தூள்களைச் சிதறடித்துக்கொண்டு போய் அலமாரியடியில் நின்றது.

“அக்கா!” தம்பியின் குரல் கீழிருந்து. “எடுக்கணும். நேரமாச்சு.”

மகன் எழுந்தான். அவளைத் தொடாமல், விலக்காமல், கதவிடுக்கில் உடம்பைத் திணித்துக்கொண்டு வெளியே போனான்.

அவன் இறங்கும் படிகளை அவள் எண்ணினாள். பதினான்கு. கடைசிப் படியில் இடது பக்கம் திரும்பினால் கூடம், வலது பக்கம் தெரு. காலடி வலது பக்கம் போயிற்று.

கண்ணாடி காலில் குத்துவதைக் கவனிக்காமல் ஜன்னலுக்கு ஓடினாள். அவன் சந்தில் நடந்துகொண்டிருந்தான். கை வெறுமையாக இருந்தது. நேற்று போலீஸ் வந்து போனதிலிருந்து மரக்கடைக்காரர் வீட்டுக் கேட் திறந்தே கிடந்தது, காற்றில் ஆடி ஆடிச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. அவன் அதன் முன்னால் போய் நின்றான். வீட்டுக்குள் ஒரு திரைச்சீலை அசைந்து நின்றது. அவளுக்குக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. அவனுடைய செல்லப் பெயரைச் சொல்லி. பிளந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அவன் கையை நீட்டிக் கேட்டைப் பிடித்தான். ஆட்டம் நின்றது. மெல்ல இழுத்துச் சாத்தினான். கம்பிக்கு நடுவே கையை விட்டு உள்தாழ்ப்பாளைத் துழாவிப் போட்டான். விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். பிறகு திரும்பித் தன் வீட்டுக்குள் வந்தான்.

கூடத்தில் ஆட்கள் எழுந்து நகரும் சத்தம் கேட்டது. வெயில் எதிர்ச்சுவரில் பூசாத பாதிக்கு வந்திருந்தது. அவள் படத்தின் முன்னால் குனிந்தாள். கையெழுத்து இன்னும் போடவில்லை. ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஈர வண்ணத்தில் விரல் படாமல், அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.