அம்சம் நட்ட வழி

திருவாரூருக்குத் தெற்கே, வெண்ணாற்று வாய்க்கால்கள் கிளைத்தோடிக் கண்ணுக்கெட்டிய மட்டும் சேறும் நீருமாய்ப் பரந்து கிடக்கும் கழனி நடுவே, ஆவணித் திங்களின் இளவெயில் நாற்றுமுடிகளின் மேல் பட்டு மின்னிய காலைப்பொழுதில், முப்பது பெண்டிர் வரிசையாய்க் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தனர். அவருள் ஒருத்தி அம்சம், கணவனை இழந்தவள், நிலக்கிழார் சிங்காரவேலுவின் வயல் நடுவே பத்துக்குழி அளவுள்ள மேட்டில் குடிசையிட்டு வாழ்பவள்.

'மேட்டைவிட்டு இறங்கு' என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே இருபது ஆண்டுகள் குறைகூலிக்கு உழைத்தவள் அவள். குடியிருப்போர்க்கே மனை என்று புதிய அரசு சட்டம் செய்ய, அம்மேடு அவளுடையதென்று எழுதிய தாள் முந்தின நாள்தான் கைக்கு வந்திருந்தது. இனி எவரால் துரத்த முடியும்? அறுவடைக்கு வேற்றூர் போய்க் கூலி பேசி வாங்கப்போவதாய், அருகில் நட்ட ராசம்மாளிடம் உரக்கவே சொன்னாள். வரப்பில் குடைபிடித்து நின்ற சிங்காரவேலு அதைக் கேட்டார், முறுவலித்தார். அந்த முறுவலைக் கண்டாவது விழித்திருக்கலாம், பாவம்!

படிப்போரே, நடவுக்காரியின் கண் முன்னிருக்கும் சேற்றையே பார்க்கும். கால் பின்னோக்கியே போகும். முதுகுப்புறம் மண்வெட்டி ஓசை கேட்டபோது, வரப்பின் பக்கத்தைச் செதுக்கி அண்டை வெட்டுகிறார்கள் என்றே எண்ணினாள். ஏனையோர் மேட்டின் இருபுறமும் நட்டபடியே கடந்து போய்க் கரையேற, சிரித்துப் பேசி நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்வாங்கிய அவள் குதிகால், பொழுது சாயும் வேளையில் எதன்மேலோ இடித்தது. திரும்பினாள். அவள் வீட்டு வாசற்படி! கரையிலிருந்து அந்தப் படிவரை வந்த வரப்புவழியை வெட்டி, சேறாக்கி, நிரவியிருந்தார்கள். அதன்மேல் நாற்று பச்சைப்பசேலென்று நின்றது. நட்டவை அவள் கைகளே.

"ஐயா, வழியைக் காணோமே! நான் எப்படிங்க வெளியே வர்றது?"

"வீடு உன்னுது, யாரு இல்லேன்னா? வயல் என்னுது. அறுப்புக்கு நம்ம வயலுக்கே, பழைய கூலிக்கே வர்றேன்னு சொல்லு. ஓரடி நாத்தைப் பிடுங்கி வழிவிடச் சொல்றேன்."

மிதித்துக்கொண்டு போனால் என்ன என்கிறீர்களா? நல்ல கதை! நட்ட பயிரை மிதிப்பதும் பெற்ற பிள்ளையை மிதிப்பதும் அம்மக்களுக்கு ஒன்று; பகைவன் பயிராயினும் அதன்மேல் அவர்கள் கால் படாது. காலைத் தூக்கினாள், தான் ஊன்றிய நாற்று நீரில் அசையக் கண்டு இழுத்துக்கொண்டாள். அவள் மிதிக்கமாட்டாள் என்பது கரையில் நின்ற சிங்காரவேலுவுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்தது. வீட்டில் குடிநீர் இல்லை, அரிசியும் இல்லை. வயிறு எரிந்தது, அதனினும் மனம் எரிந்தது. தன் வாசலில், தன் மண்ணில், தன் பெயரெழுதிய தாளை இடுப்பில் செருகியபடி நின்று, அக்கரையை நோக்கி, "அறுப்புக்கு வர்றேங்க" என்றாள்.

துரத்துவார் எவருமில்லாத விடுதலை அவளுக்கு வந்துவிட்டது. எவரையும் கேளாமல் காலெடுத்து வைக்க ஓரடி மண் வரவில்லை. அந்த ஓரடியைச் சட்டம் எழுதியோர் மறந்தனர். அவள் கையாலேயே அதை நடச்செய்தவர் மறக்கவில்லை.