தனலட்சுமி எடுத்த வகுப்பு

ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறும்போதே அபிஷாவுக்கு உடம்பு கெஞ்சியது. பி.எட். படிக்கிற பிள்ளைகளைப் பயிற்சிக்கு என்று பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பகலெல்லாம் நின்று பாடம் நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்து சார்ட் வரைந்து, மறுநாள் மறுபடி மலைப்பாதையில் குலுங்க வேண்டியது. அன்றைக்குக் கல்லூரியிலிருந்து பாலசுப்பிரமணியம் சார் வந்து அவள் வகுப்பைப் பார்த்து மார்க் போடப்போகிறார். கூடவே ‘என் கற்பித்தல் தத்துவம்’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘ஒவ்வொரு குழந்தையும் ஒரு மொட்டு’ என்று ஆரம்பித்து எழுதியிருந்தாள். பஸ்ஸில் படித்துப் பார்த்தபோது அவளுக்கே கொட்டாவி வந்தது.

ஆனால் மார்க் தொங்கிக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தில் இல்லை, தனலட்சுமியிடம். ஏதாவது ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆறாம் வகுப்பில் வாயே திறக்காத தனலட்சுமியை அபிஷா தேர்ந்தெடுத்தாள். அது யார் செய்த பாவமோ! கெஞ்சிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், கடலைமிட்டாய்கூடக் கொடுத்துப் பார்த்தாள். மிட்டாய் உள்ளே போனதே தவிர, வார்த்தை வெளியே வரவில்லை. தினமும் ஒரு கேள்வி கேட்பாள். அது எழுந்து நின்று கரும்பலகையையே பார்க்கும். பாவம், எல்லோர் முன்னாலும் கூசிப்போகக் கூடாதே என்று, “சரி கண்ணு, உக்காரு” என்று சொல்லி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவாள்.

மத்தியானம் மூடுபனியும் தூறலுமாக இருந்ததால் பிள்ளைகள் வகுப்பிலேயே அடைந்து கிடந்தார்கள். அபிஷா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பி வரும்போது, உள்ளே அவளுடைய குரலே கேட்டது. பாடம் நடத்தி நடத்தித் தொண்டை கட்டிய அதே குரல். கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள்.

கையில் ஸ்கேலும் தோளில் முந்தானை மாதிரி ஒரு துண்டுமாக நின்றது தனலட்சுமி.

“செடிக்குச் சாப்பாடு எங்கிருந்து கண்ணு வருது? வசந்த், நீ சொல்லு.”

வசந்த் எழுந்து வாயைத் திறப்பதற்குள், “சரி கண்ணு, உக்காரு. அடுத்து!” என்றது. அடுத்த பையன் பாதி எழுந்திருந்தான். அவனுக்கும் அதே, “சரி கண்ணு, உக்காரு.” பிறகு மேஜையில் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “முடியல சாமி, எப்பத்தான் மணி அடிப்பாங்களோ” என்று பெருமூச்சு விட்டது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அபிஷாவுக்கும் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமாகப் போய்விட்டது. அத்தனையும் அவளேதான். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட அவள் எந்தப் பிள்ளைக்கும் கொடுத்ததில்லை. இரக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது வெறும் களைப்பு. அவள் காலடிச் சத்தம் கேட்டதும் துண்டு பறந்தது. தனலட்சுமியின் வாய் மறுபடி பூட்டிக்கொண்டது.

சார் வந்ததும் தத்துவத்தைக் கேட்டார்.

“எழுதினது சரியில்லீங்க சார். இப்ப ஒரே வரிதானுங்க இருக்குது. கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் நிக்கோணும்.”

“கேக்க நல்லாத்தான் இருக்குது. நாப்பது நிமிசத்துல நடக்கற காரியமாம்மா? பாடம் முடியலீன்னா மார்க் போயிரும், பாத்துக்க.”

பாதி பாடத்தில் அபிஷா கேட்டாள், “தனலட்சுமி, காப்பிச் செடிக்கு மேல எதுக்குக் கண்ணு நெழல் மரம் வெக்கறாங்க?”

தனலட்சுமி எழுந்து நின்றது. கரும்பலகையைப் பார்த்தது. ‘சரி கண்ணு’ என்பது அபிஷாவின் நுனிநாக்குவரை வந்தது, விழுங்கினாள். மற்ற பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள், ஜாடையால் இறக்கச் சொன்னாள். சார் கடிகாரத்தைப் பார்த்தார். எதையோ எழுதினார். அபிஷாவுக்குக் கால் கடுத்தது, பயமாகவும் இருந்தது. இதில் தேறாவிட்டால் இதே பஸ், இதே பாதை, இன்னொரு வருஷம்.

“அடுத்த பிள்ளையக் கேளும்மா” என்றார் சார்.

“கொஞ்சம் இருங்க சார். அவசரமில்ல கண்ணு, யோசிச்சே சொல்லு.”

தனலட்சுமி முதல்முறையாகக் கரும்பலகையை விட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

“டீச்சர்… நொம்ப நேரம் ஆனதுல கேள்வி மறந்துபோச்சுங்க. இன்னொருக்காச் சொல்றீங்களா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு காகிதத்தில் எதையோ கோடு போட்டு அடித்தார். அபிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அப்படி ஒரு சந்தோஷம். கேள்வியை முதலிலிருந்து சொன்னாள். சொல்லிவிட்டு, மறுபடியும் நின்றாள்.