ஒற்றைக் கொம்பு

வருகிற சனிக்கிழமை காலையில் லிசாவின் குழியைத் திறக்கப் போகிறார்கள்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் இருக்கக் கிடைப்பது இரண்டு வருடம். அது முடிந்ததும் எலும்புகளை எடுத்து, மதிற்சுவரில் வரிசையாகக் கட்டியிருக்கும் சின்ன அறைகளில் ஒன்றில் வைத்து, முன்னால் ஒரு பளிங்குப் பலகையைப் பதித்துவிடுவார்கள். மண் அடுத்தவருக்குப் போகும். தாராவியில் லிசாவின் வீட்டாருக்கு இது தெரிந்த நடைமுறை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பையன் அஷ்வத்துக்குப் புதிது. அவன் வீட்டில் எரித்த மறுநாளே எல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும்.

குழிக்காரர் எடுத்துத் தரும்போது கை நீட்டி வாங்க வீட்டாள் ஒருவர் நிற்க வேண்டும். புருஷன் இருந்தால் புருஷன்தான். அஷ்வத் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதையும் வாட்ஸ்அப்பில்தான் சொன்னான். ‘பிரைட்டன் பாத்துப்பான்.’ பிரைட்டன் லிசாவின் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தாராவிக்கு வந்தது பலகையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய. அதற்கும் வராமல் இருந்திருப்பான். மாமியார் சேசம்மாள் போனில், “சோறு வச்சிருக்கேன், வந்துட்டுப் போங்க” என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

“வாங்க மாப்ள” என்றார் மரியஅந்தோணி. பஸ் டெப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. “சனிக்கெழம வரலியாமே?”

“ஆபீஸ் இருக்கு மாமா.”

“ஐரோலில சனிக்கெழமயும் ஆபீஸா?”

“சும்மா இருங்க. வந்ததும் வராததுமா” என்றாள் சேசம்மாள்.

“நான் என்ன கேட்டுட்டேன்? கட்டுன புருசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது தம்பிக்காரன் போயிக் கை நீட்டணுமாக்கும்?”

அஷ்வத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். மீன் குழம்பு. கல்யாணமான புதிதில் சேசம்மாள் அவனுக்காகத் தனியாக ரசம் வைப்பாள். லிசா, “ஐயருக்கு மருந்து வந்தாச்சு” என்பாள். மீன் சாப்பிடப் பழக்கியதும் அவள்தான். இப்போது ருசி தெரியவில்லை. இரண்டு வருடமாக எதுவும் அப்படித்தான்.

பிரைட்டன் ஏணியில் மேல்தட்டிலிருந்து இறங்கி வந்தான். “அத்தான், மார்பிள்வாலா ஆறு மணிக்குள்ள மேட்டர் கேக்கான். பேரு, ரெண்டு டேட், கீழ ஒரு லைன். ஏக் ஹி லைன். அதுக்கு மேல எழுத ஜகா இல்ல.”

“அதுல யோசிக்க என்ன இருக்கு? ‘ஆண்டவரில் துயில்கிறாள்’. அம்புட்டுதான்” என்றார் மரியஅந்தோணி.

அஷ்வத்துக்கு, லிசா சொற்களின் மூலத்தை எழுதி வைத்திருந்த அட்டைகளில் ஒன்று ஞாபகம் வந்தது. செமெட்ரி என்பது கிரேக்கத்தில் கொய்மேதேரியொன். படுத்துத் தூங்கும் அறை. முதலில் பிரயாணிகள் தங்கும் இடத்துக்கும் அதுதான் பெயர்; பிறகு கிறிஸ்தவர்கள் செத்தவர்கள் தூங்குகிறார்கள் என்று நம்பி அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மாமனாருக்குக் கிரேக்கம் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் அதையேதான் சொல்கிறார். லிசா இருந்தால் கைதட்டியிருப்பாள்.

அவள் செம்பூரில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். லேபில் தொங்கிய எலும்புக்கூட்டில்தான் அந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. ஸ்கெலிட்டன் என்றால் ‘காய்ந்து போனது’ என்று அர்த்தம் எனத் தெரிந்துகொண்ட அன்று சாயங்காலம் முழுக்க அதையே பேசினாள். அப்புறம் ஆன்லைனில் கிரேக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு அட்டைக்கு ஒரு சொல். ஸ்கூல் என்ற சொல்லின் மூலம் ஸ்கொலே, அதன் பொருள் ‘ஓய்வு’ என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது, கூட வேலை பார்த்த நஸீரா, “அப்ப அந்த ஊருக்கே டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிரலாம்டி” என்றாளாம்.

அட்டைகளைத் தமிழில்தான் எழுதினாள். அஷ்வத்துக்கு அது எரிச்சல். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் பள்ளியில் அவன் படித்தது இங்கிலீஷும் ஹிந்தியும் மராத்தியும். தமிழை ஒவ்வொரு எழுத்தாகத் தடவித்தான் படிப்பான். அதுவும் அவள் கற்றுக் கொடுத்தது.

“இங்கிலீஷ்ல எழுதேன். நானும் படிப்பேன்.”

“இங்கிலீஷ்ல ஒரே ஒரு ஓ. கிரேக்கத்துல ஒ தனி, ஓ தனி. எ தனி, ஏ தனி. நம்மகிட்டயும் அப்பிடித்தான? தமிழ்ல எழுதுனா நீளம் தப்பாது.”

“ஆனா தமிழ்ல P-யும் B-யும் ஒண்ணாப் போயிடுமே?”

“ஒண்ணு கெடைச்சா ஒண்ணு போவும். உம்மைக் கட்டிக்கிட்டு நான் சமாளிக்கல?”

சேசம்மாள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “அவளுக்குப் புடிச்ச வார்த்த ஏதாவது போட்டா என்ன? அந்தக் கிரேக்க வார்த்த?”

“கிரேக்கம் என்ன கிரேக்கம்? எல்லாம் நம்மகிட்டருந்து போனதுதான். சர்ச்சுனா என்ன? சேர்ச்சி. ஆளுக சேருத எடம்” என்றார் மரியஅந்தோணி.

“அதுக்குத்தான் அவ உங்ககூட ஒரு வாரம் பேசாம இருந்தா” என்றாள் சேசம்மாள்.

சர்ச்சின் மூலம் கூரியகொன், ‘ஆண்டவருடையது’. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் லிசாவுக்குப் பிடிக்கும். அரிசிதான் கிரேக்கத்தில் ஒருஸா ஆயிற்று என்று யாராவது சொன்னால், “இருக்கலாம். எனக்குத் தெரியாது” என்பாள். அந்த அட்டையில் கேள்விக்குறிதான் போட்டிருந்தாள்.

பிரைட்டன் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். “அத்தான், அன்னைக்கி ஹாஸ்பிட்டல்ல ஒரு பேப்பர் இருந்துச்சே. அக்கா எழுதுனது. சிஸ்டர் என்கிட்ட குடுத்தாங்க, எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு அப்படியே உங்ககிட்ட குடுத்தேன்.”

“அது வேண்டாம்.”

“என்ன பேப்பரு?” என்றாள் சேசம்மாள்.

“ஒண்ணும் இல்லை அத்தை.”

“எம்புள்ள கடைசியா எழுதுனது ஒண்ணும் இல்லையா?”

அவன் கையை அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அந்தக் காகிதத்தை அவன் யாரிடமும் காட்டியதில்லை. அதனால்தான் சனிக்கிழமை வரமாட்டேன் என்று சொன்னான். இவர்களுக்கு அது தெரியாது.

டெங்கு. ஐந்தாம் நாள். பிளேட்லெட் ஏறுகிறது என்று காலையில் டாக்டர் சொன்னார். ஆபீஸில் அன்று ஒரு முக்கியமான வேலை. “நாலு மணிக்கு வந்துடுவேன்” என்றான். “போய்ட்டு வாரும். நான் எங்க ஓடப் போறேன்?” என்றாள். அவன் வந்தபோது மணி ஏழேகால். நாலரைக்கே அவளை ஐசியுவுக்கு மாற்றி, வாயில் குழாய் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. இரண்டாம் நாள் இறந்தாள்.

காத்திருந்த நேரத்தில், ரத்தப் பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில், அவள் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள். பாதொஸ். அது அவனுக்கு இங்கிலீஷிலேயே தெரிந்த சொல்தான். பேதோஸ். அகராதியில் மூலத்தைப் பார்த்தான். துன்பம், வேதனை, ஒருவர் படும் பாடு. அட்டைகளில் போல எதிரில் அர்த்தம் எதுவும் எழுதவில்லை. நீ இல்லாதபோது நான் பட்டது இது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்படிப்பட்டவளை, நாலு மணிக்கு வராதவன், எந்தக் கையால் வாங்குவது?

“காட்டுங்க மாப்ள” என்றாள் சேசம்மாள். கெஞ்சவில்லை. கையை நீட்டினாள், அவ்வளவுதான்.

போனின் பின் உறையைக் கழற்றி, நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். தெருவின் ஜெபக் கூட்டத்தில் வாசகம் வாசிப்பவள் அவள்தான். தமிழை யாருக்காகவும் தட்டுத்தடுமாறிப் படித்தவள் இல்லை.

“பொதொஸ்” என்று வாசித்தாள். “அப்பிடின்னா?”

“பாதொஸ்” என்றான் அஷ்வத். “வேதனைன்னு அர்த்தம்.”

“பா இல்ல, பொ.”

“பா தான் அத்தை. பானாவும் காலும்.”

“கொம்ப விட்டுட்டியளே. முன்னால கொம்பு இருக்குல்லா?”

“எங்க?”

அவன் எழுந்து போனான். தாளின் இடது ஓரத்தில் மூன்று சுழிகள் இருந்தன. அவற்றை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். பேனா எழுதாதபோது எல்லோரும் கிறுக்குவது போல அவளும் கிறுக்கியிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான்.

“இந்த ரெண்டும் கிறுக்கல். மசியே இல்ல, கோடுதான் விழுந்திருக்கு” என்று விரலால் காட்டினாள். “மூணாவது கொம்பு. ஒத்தக் கொம்பு. பாருங்க, மசி எறங்கியிருக்கு. இங்கருந்துதான் எழுத ஆரம்பிச்சிருக்கா. ஊசி குத்துன கைதான, கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கு. கொம்பு, பானா, கால். பொ. அடுத்ததப் பாருங்க, தொ. அங்க கொம்பு தெரிஞ்சுதுல்லா உங்களுக்கு?”

தெரிந்திருந்தது. அது நடுவில் இருந்ததால் தெரிந்திருந்தது.

அவனுக்கு அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. சிம்பதி என்ற சொல்லைப் பிரித்துக் காட்டியபோது அவள் சொல்லியிருக்கிறாள்: வேதனைக்கான சொல் பதொஸ். ப குறில். இங்கிலீஷ்காரன்தான் அதை இழுத்துவிட்டான். நீளம் தப்பக்கூடாது என்பதற்காகவே தமிழில் எழுதியவள், வேதனை என்று எழுத நினைத்திருந்தால் காய்ச்சலிலும் அந்தக் காலைப் போட்டிருக்கமாட்டாள்.

பொதொஸ்.

டிராம்பே போகும் பஸ்ஸில் ஒருநாள் சொன்னாள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். நல்ல நெரிசல். “ஒருத்தர் பக்கத்துல இருக்கும்போது அவங்க மேல வார ஆசைக்கு ஹீமெரொஸ்னு பேரு. அவங்க எந்திரிச்சுப் போயிட்டா அதே ஆசைக்கு பொதொஸ்னு பேரு. ஆசை ஒண்ணுதான், கேட்டீரா. ஆளு நகந்ததும் பேரு மாறிருது.” அவன் ஆபீஸ் போனில் எதையோ பார்த்துக்கொண்டு, “ம்” என்றான். அவள் அவன் தொடையில் கிள்ளினாள். “இப்ப நீரு பக்கத்துல இருந்தும் எனக்குப் பொதொஸ்தான்.”

“மாப்ள?” என்றாள் சேசம்மாள். “என்ன அர்த்தம்?”

“பக்கத்துல இல்லாதவா மேல வர்ற... ஆசைன்னு சொல்லலாம். ஏக்கம். தமிழ்ல சரியா சொல்லத் தெரியல அத்தை.”

“தேட்டம்” என்றாள் அவள். “இதுக்குப் போயி என்ன யோசன? புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போனா அதுக்குத் தேடும்லா. தேடித் தேடிக் காய்ச்சலே வந்துரும். அதான். அவளுக்கு உங்களத் தேடியிருக்கு.”

மரியஅந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அது ஏற்கெனவே அஞ்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வேதனை என்று அவள் எழுதியிருந்தால் அது அவள் உடம்பைப் பற்றியது. அப்போது அவன் பக்கத்தில் இல்லாததை மன்னிக்கவோ மன்னிக்காமல் விடவோ அவளால் முடியும். இது அவனைப் பற்றியது. நாலு மணியிலிருந்து நாலரை வரைக்கும் அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அஷ்வத்துக்கு நெஞ்சு வலித்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வலித்தது. அதை நிறுத்த அவன் எதுவும் செய்யவில்லை.

“அதையே போட்டுரலாமா அத்தான்?” என்று பிரைட்டன் மெதுவாகக் கேட்டான். “ஸ்பெல்லிங் சொல்லுங்க.”

“வேண்டாம். மாமா சொன்னதையே போடு.” தாளை வாங்கி மடித்தான். “இது எனக்கு எழுதினது.”

அவன் மரியஅந்தோணியிடம் திரும்பினான். “சனிக்கிழமை எத்தனை மணிக்கு மாமா?”

“ஏழு” என்றார் அவர். “குழிக்காரன் ஆறரைக்கே வந்துருவான். வெறும் வயித்தோட வராதீரும். எலும்ப வாங்கிச் சுத்த ஒரு வெள்ளத் துணி வேணும். புதுசா இருக்கணும். நான் வாங்கிருதேன்.”

“நான் வாங்கிண்டு வரேன்.”

அன்றைக்கே வாங்கினான். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் அப்துல் ஹாதி கடை திறந்திருந்தது. வெள்ளை மல் துணி என்று கேட்டதும் அவர் துணிக்கட்டை உருட்டிப் போட்டு, முனையை விரலில் தேய்த்துக் காட்டினார். தாராவியில் நாற்பது வருடம் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறாத மனுஷர்.

“எத்தன மீட்டர் தம்பி?”

அஷ்வத்துக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

“யாருக்கு?”

“என் வைஃபுக்கு.”

“சேலைக்கு உள்ள கட்டுதுக்கா, ஜம்பர் தைக்கதுக்கா? ஆளு ஒசரமா?”

“என் தோள் வரைக்கும் இருப்பா” என்றான். கை தானாக எழுந்து அந்த உயரத்தில் காற்றில் நின்றது.

அப்துல் ஹாதி அந்தக் கையைப் பார்த்தார். “அப்பம் ரெண்டு மீட்டர் போதும்” என்று சொல்லி, துணியை அளக்க ஆரம்பித்தார்.