தாட்பூட் மாப்பிள்ளை

பாலசமுத்திரத்திலிருந்து வில்பட்டிக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த திருமலைச்சாமிக்குத் தொண்டை பெரிது. மாட்டை அதட்டினாலும் சரி, மாமனாரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, எதிர்மலை வரைக்கும் கேட்கும். எந்நேரமும் தாட்பூட்டென்று சத்தம் போடுகிறவன் என்று ஊரார் அவனுக்கு ‘தாட்பூட் மாப்பிள்ளை’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அவன் வந்தது ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில். அடுத்த சித்திரையில் அவன் மனைவி அன்னக்கொடிக்கு மூன்றாம் மாசம். மசக்கை அவளைப் போட்டுப் புரட்டியது. கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. “எதையாவது சாப்பிட வையுங்க, இப்படியே போனா பிள்ளை தங்காது” என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மத்தியானம். ஜன்னல் வழியே மூடுபனி வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. தூங்கிக் கிடந்த அன்னக்கொடியின் உதடு அசைந்தது. திருமலை குனிந்து காதைக் கொடுத்தான்.

“தாட்பூட்... தாட்பூட்...”

அவனுக்குச் சுருக்கென்றது. ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், கட்டினவளுமா? அன்றோடு வாயைக் கட்டினான். மாட்டிடம்கூட ரகசியம்தான் பேசினான். மாடு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அவளோ தினமும் தூக்கத்தில் அதையே முனகினாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அவன் எழுந்து பூண்டுக் காட்டுக்குப் போய்விடுவான்.

பதினோராம் நாள் பூண்டு மூட்டையோடு கோடைக்கானல் பஜாருக்குப் போனான். பழக்கடை ஜலீல் கூவிக்கொண்டிருந்தார்: “தாட்பூட்! தாட்பூட்!”

“என்னையவா சொல்றீக?” என்றான் மெதுவாக.

“பழத்தைச் சொல்றேன் மாப்ள! பழத்துக்குப் பேரே அதுதான். இந்த வருஷம் முந்தியே காய்ச்சுருச்சு.”

கத்தரிக்காய் நிறத்தில் சுருங்கிக் கிடந்த ஒன்றை எடுத்து அறுத்தார் ஜலீல். “வழவழன்னு இருந்தாப் புளிக்கும். தோல் சுருங்குனாத்தான் இனிப்பு. மசக்கைக்காரிக்கு வாய்க்கும் நல்லாருக்கும், உடம்புக்கும் தெம்பு.”

மஞ்சள் சாறும் கறுப்பு விதையுமாக வாயில் கவிழ்த்துக்கொண்டான். பஜார், பனி, மூட்டை எல்லாம் ஒரு நொடி எங்கோ போயின. இனிப்பு முதலில் வந்தது, புளிப்பு அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. விதை பல்லில் நறநறத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. பத்து நாளாக அவள் பசியில் கேட்டிருக்கிறாள், அவன் ரோஷத்தில் எழுந்து போயிருக்கிறான். தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

மடி நிறையச் சுருங்கிய பழமாகப் பொறுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தான். அன்னக்கொடி ஒன்றை மோந்து பார்த்தாள்.

“காய்க்கிற நாளே வரலையேன்னு நான் கேக்கவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தூக்கத்துல கேட்டியே.”

“அட, கனவுல தெனம் தின்னுக்கிட்டுல்ல இருந்தேன்! நீங்கதான் கொடியில ஏறிப் பறிச்சுப் போட்டீக.”

அவன் பழத்தை அறுத்துக் கொடுத்தான். மூன்று பழம் உள்ளே போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தான். பனி வந்தது, போனது.

“நிக்குதுங்க,” என்றாள். “ஏன், பத்து நாளா உங்க சத்தத்தையே காணோம்? இந்தப் பனிக்குள்ள நீங்க எந்தப் பக்கம் இருக்கீகன்னே தெரியாமக் கெடந்தேன்.”

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே ஓடி, எதிர்ச்சரிவில் கொத்திக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்து மலையதிரக் கத்தினான்: “மாமோவ்! சாப்பிட்டுட்டா! நின்னுருச்சு!”

“தாட்பூட்!” என்று உள்ளேயிருந்து அன்னக்கொடியின் குரல் கேட்டது. பழத்தைக் கேட்டாளோ, அவனைத்தான் கூப்பிட்டாளோ, இரண்டுக்கும் சேர்த்தே உள்ளே ஓடினான்.