புளித்தண்ணீர் சுரந்த பளிங்குக்கல்

1912ஆம் ஆண்டு தவக்காலத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், சரக்குக் குமாஸ்தா கொர்னேலியஸ் வீட்டுச் சமையலறைப் பளிங்குக்கல் புளித்தண்ணீர் சுரக்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு மூன்று செம்பு, மழை நாளென்றால் நாலு. புதுப்புளியின் வெளிறிய நிறமில்லை. ஓராண்டு பழைய புளியின் கருஞ்சிவப்பு. கரைக்கவும் வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம், ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் அப்படியே ஊற்றலாம். முச்சந்திக் கடைக்காரர் தம்புசாமி அந்த ஆண்டு முடிவதற்குள் புளி வரவழைப்பதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் கருவாட்டை அடுக்கினார். கல் ஏன் சுரக்கிறது என்று குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கொர்னேலியஸின் மனைவி உர்சுலா மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்தக் கல் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் குளியலறைக்காகக் கப்பலில் வந்தது. வழியில் ஒரு மூலை உடைந்துபோனதால் துரை வேண்டாமென்று சொல்லிவிட, சரக்குக் கொட்டகையில் எட்டு மாதம் சாக்கு போர்த்திக் கிடந்தது. கொர்னேலியஸ் அனுமதி வாங்கி, நாலு ஆட்களை வைத்துத் தூக்கிவந்து, அடுப்புக்குப் பக்கத்தில் செங்கல் கட்டி மேலே போட்டார். மற்ற வீடுகளில் பலகையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த காலத்தில், உர்சுலா முகம் தெரியும் வெள்ளைக் கல்லில் நறுக்கினாள். அந்த வரிசையில் அவள் மரியாதை இரண்டு விஷயங்களால் ஆனது. ஒன்று இந்தக் கல். மற்றது, தன் அப்பா சுங்கை பூலோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என்று அவள் சொல்லி வைத்திருந்தது. அப்பா கிராணியுமில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருமில்லை. ஊரிலிருந்து கப்பலேறி வந்த மூன்றாம் வருடமே காய்ச்சலில் செத்துப்போன பால்மரத் தொழிலாளி. உர்சுலாவைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அனுப்பி நாலாம் வகுப்பு வரை படிக்கவைத்தது, அவளைவிடப் பத்து வயது மூத்த அக்கா மகதலேனா. அதற்காக மகதலேனா இரண்டு ஆள் சீவும் மர நிரையை ஒருத்தியே சீவினாள், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இதெல்லாம் கொர்னேலியஸுக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் பலரைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ரப்பர் மரம் இலை உதிர்த்து, சீவுவது குறையும் மாதம் அது. மகதலேனா இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, ஒரு தார் வாழைப்பழத்தோடு திங்கட்கிழமை காலை ரயிலில் வந்திறங்கினாள். தங்கை கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தும் வீட்டை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உர்சுலா கடைக்குப் போயிருந்த நேரத்தில், சமையலறையில் கல் லேசாக எண்ணெயும் புகையும் ஏறி மங்கியிருந்ததைப் பார்த்தாள். இவ்வளவு நல்ல சாமானை இப்படியா வைத்திருப்பாள் என்று தோன்றியிருக்க வேண்டும். கோயில் மெழுகுவர்த்தித் தண்டானாலும் சரி, வீட்டுக் குடமானாலும் சரி, எது மங்கினாலும் நம்மவர் கை தேடிப் போவது புளியைத்தான். ஒரு பெரிய உருண்டைப் புளியும் சாம்பலும் எடுத்து, முழங்கை வலிக்க வலிக்க ஒரு மணி நேரம் தேய்த்தாள். கழுவிவிட்டுப் பார்த்தால் பளபளப்பு முழுவதும் போய், கல் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் புளி எடுத்தாள்.

அப்போதுதான் உர்சுலா திரும்பி வந்தாள், தனியாக அல்ல. ஹெட் கிளார்க்கின் மனைவி தனலெட்சுமியும் இன்னும் இரண்டு பேரும் கல்லைப் பார்க்கவென்றே கூட வந்திருந்தார்கள்.

"அடியாத்தே! கல்லு ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? யாரு பண்ணினது?" என்றாள் தனலெட்சுமி.

மகதலேனா பால்கறை ஏறிக் கறுத்த விரல்களில் புளியோடு, முழங்கால் தெரியத் தூக்கிச் செருகிய சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். உர்சுலா அவளைப் பார்த்தாள். தனலெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள்.

"வேலைக்காரிதான், தனலெட்சுமி அக்கா. தோட்டத்துலேருந்து புதுசா வந்தவ, ஒன்னும் தெரியாது" என்றாள்.

மகதலேனா ஒரு கணம் தங்கையை ஏறிட்டாள். பிறகு சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, "தெரியாமப் பண்ணிட்டேன்மா. மன்னிச்சிருங்க" என்றாள். வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள். குடித்த கோப்பைகளை மகதலேனாதான் கழுவினாள். பிற்பகல் ரயிலுக்கு அவள் புறப்பட்டபோது உர்சுலா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள், வெட்கத்தில் காது மடல் இரண்டும் நெருப்பாக எரிய. வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் காலை கல் சுரந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை பிரிக்பீல்ட்ஸில் எல்லாருக்கும் தெரிந்தவை. பங்குச் சாமியார் வந்து விரலால் தொட்டு ருசி பார்த்தார். இது கடவுள் செய்த புதுமையுமில்லை, பிசாசின் வேலையுமில்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, தம் சமையல்காரனுக்காக ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு போனார். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு, பக்கத்துக் கிராமத்து மலாய் வீடு என்று எல்லாரும் செம்போடு வந்தார்கள். உர்சுலா வைத்த மீன் குழம்பு சம்பந்தி விருந்துகளுக்குத் தூக்குவாளியில் போனது. "உன் கைப்பக்குவமே தனி" என்று யாராவது சொன்னால் அவள் முகம் சுண்டிப்போகும். அடக்கமான பெண் என்று அதையும் புகழ்ந்தார்கள். அவள் மட்டும் புளி சேர்த்த எதையும் தொடமாட்டாள், பருப்புச் சோறே அவளுக்கு.

மூன்றாம் வருடம், மெருகு ஏற்றினால் சுரப்பது நிற்குமோ என்று, பத்துமலைப் பக்கம் கல் வேலை செய்த அய்யாவுவை கொர்னேலியஸ் அழைத்துவந்தார். அய்யாவு இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்து, முகம் தெரியும்படி மினுக்கிவிட்டு எழுந்தார். எழுந்த கையோடு கல் மறுபடி கசிந்தது.

"இது ஆதியில சுண்ணாம்புக்கல்லுமா. பூமிக்குள்ள வெந்து புழுங்கித்தான் பளிங்காச்சு. எவ்வளவு மினுக்கினாலும் பொறப்பு போவாது. புளி பட்டா காட்டிக்குடுத்துரும்" என்றார் அவர். கல்லைப் பற்றித்தான் சொன்னார். உர்சுலாவுக்குத் தலை நிமிரவில்லை.

அக்கா இருந்த சுங்கை பூலோ ஒன்றும் சீமையில் இல்லை, ரயிலேறினால் ஒரு மணி நேரம். உர்சுலா இரண்டு தடவை டிக்கெட் வாங்கினாள். ஒரு தடவை அங்கே இறங்கியும் விட்டாள். தோட்டத்துச் செம்மண் பாதை கண்ணில் பட்டதும் எதிர் வண்டியில் திரும்பிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுத்தனுப்புவாள். பதிலுக்கு ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு வரும், சொல் ஒன்றும் வராது. மகதலேனா வரவே இல்லை. தங்கையின் மரியாதை தன்னால் கெடக்கூடாது என்று அவள் ஒதுங்கியிருக்கிறாள் என்பது உர்சுலாவுக்குத் தெரியும், அதுதான் அவளைத் தின்றது. இப்படியே பிள்ளைகள் பிறந்தார்கள், ஒரு பெரிய யுத்தம் வந்து போனது, வெள்ளம் ஒரு தடவை அடுப்பு மட்டத்துக்கு வந்தது. பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

1931இல் ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு வியாழக்கிழமை காலை, கையில் ஒரு மூட்டையோடு மகதலேனா பின்வாசலில் வந்து நின்றாள். முடி நரைத்திருந்தது, விரல்கள் அப்படியே கறுப்பு. சனிக்கிழமை கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். உள்ளே தனலெட்சுமியும் நாலு பெண்களும் செம்புகளை வரிசை வைத்துவிட்டுக் கதையடித்துக்கொண்டிருந்தார்கள். மகதலேனா அவர்களைப் பார்த்ததும், "ஒன்னுமில்லம்மா, சும்மா சொல்லிட்டுப் போவலாமுன்னு வந்தேன்" என்று பின்வாங்கினாள்.

உர்சுலா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். "இது என் அக்கா. கூடப்பொறந்த அக்கா. எங்க அப்பா கிராணி இல்ல, பால்மரம் வெட்டினவரு. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றாள்.

தனலெட்சுமி வெற்றிலையை மென்றபடியே, "தெரியும்லா. அன்னிக்கே தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெத்தி. நீயே சொல்லுவேன்னுதான் நாங்களும் பேசாம இருந்தோம்" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் பெண்கள் காரணம் தெரிந்தே செம்பு நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். எதைக் காப்பாற்ற அவள் அக்காவை இழந்தாளோ, அது ஒரு நாள்கூட அவளிடம் இருந்ததில்லை. உர்சுலாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

எல்லாரும் போன பிறகு அக்காவின் காலருகே உட்கார்ந்தாள். "ஊருக்குப் போவாதே அக்கா. அங்க யாரு இருக்கா? இங்கயே என்கூட இருந்துடு."

மகதலேனா சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். "சரி. என்ன வேலை பாக்கணும்?" என்று கேட்டாள்.

அதில் குத்தல் இல்லை, கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உர்சுலாவுக்கு அழுகைதான் வந்தது. மகதலேனா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தன்னால்தான் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள். தங்கைக்குச் சங்கடம் வேண்டாமென்று சனிக்கிழமை கப்பலேறிவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் கல் சுரப்பது நின்றுவிடும் என்று உர்சுலா இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தபோது செம்பு நிரம்பி, தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கிடந்தது. அன்றிலிருந்து நாளொன்றுக்கு ஆறு செம்பு. திங்கட்கிழமை அவள் பாசாருக்குப் போய் ஒரு பெரிய தவலை வாங்கிவந்து கல்லுக்கு அடியில் வைத்தாள்.