இரண்டாவது புள்ளி

நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூடத் துணைக்கு ஆள் தேடியதில்லை. அதனால் எம்ஆர்ஐ எடுக்கப் போகும் அன்று காலையில் நாத்தனார் வாசலில் வந்து நின்றதும் எரிச்சல்தான் வந்தது. மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மாமியாரைக் கடைசிக் காலத்தில் யார் சரியாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று ஆரம்பித்த வாய்த்தகராறு, முகத்தைத் திருப்பிக்கொள்வதில் போய் நின்றிருந்தது. புருஷனுக்கோ ஆஸ்பத்திரி வாடை பட்டாலே தலை சுற்றும். அவர்தான் தங்கச்சியின் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆரம்ப நிலைதான், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றார் அறுவை மருத்துவர். ஆனால் அவளுக்கு மார்புத் திசு அடர்த்தி. மேமோகிராமில் எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் வேறெங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். மார்புக்கென்று மேடையில் இரண்டு குழி, நெற்றியைத் தாங்க ஒரு திண்டு. ஸ்கேன் எடுக்கும் பெண், இம்மியும் அசையக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். பழைய இன்ஜினைப் பிரித்துப்போட்டுத் தட்டுவதுபோல அப்படி ஒரு சத்தம். நடுவில் கை நரம்பு வழியாக மருந்து சில்லென்று ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே வண்டியை எடுத்தாள். ஒவ்வொரு நிறுத்தமாக ஆளை ஏற்றி இறக்கி, முப்பத்தொன்றாவது நிறுத்தத்துக்கு வந்தபோது மேடை வெளியே நகர்ந்தது.

நாத்தனார் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "நெத்தியெல்லாம் கோடு கோடா இருக்கு அண்ணி" என்றாள். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

மறுநாள் மருத்துவர் படத்தைக் காட்டினார். கட்டி அதே அளவுதான். ஆனால் அதிலிருந்து தள்ளி, அதே மார்பில், இன்னொரு புள்ளி மின்னியது. அதுவும் புற்றுநோயாக இருந்தால் மார்பு முழுவதையும் எடுக்க வேண்டி வரலாம். எதுவாக இருந்தாலும் இப்போதே எடுத்துவிடுங்கள் என்றாள்.

"அது என்னன்னு தெரியாம நான் வெட்ட மாட்டேன்" என்றார் மருத்துவர்.

அல்ட்ராசவுண்டில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மறுபடி ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வர ஐந்து நாள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றி ஊறவைத்துவிட்டாள். ஊருக்குக் கிளம்பாமல் தங்கிவிட்ட நாத்தனார், ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்துகொண்டே பேசினாள்.

"அம்மாவ நீங்க எப்படிப் பார்த்துக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணி. நான் வந்து பார்க்கலையேன்னு உள்ளுக்குள்ள குத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் அன்னைக்கு உங்க மேல பாய்ஞ்சேன்."

அவள் தன் முனையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, "இன்னும் நல்லா முறுக்கு, தண்ணி சொட்டுது" என்றாள். குரலில் பழைய கடுப்பு இல்லை.

ஐந்தாம் நாள் மருத்துவரே கூப்பிட்டார். புள்ளி வெறும் நார்க்கட்டி, ஒன்றும் செய்யாது, பட்டாணியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியில் நின்ற புருஷன் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெட்டியெடுத்த சதையின் ஓரங்கள் சுத்தம், அக்குள் நிணநீர் முடிச்சிலும் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. இனி சில வாரம் கதிர்வீச்சு, அதற்கப்புறம் மாத்திரை. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகவே படவில்லை.

அறிக்கையை வாங்கி வந்த அன்று மத்தியானம் படுத்தவள் பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கவில்லை. ஒரு மாசத் தூக்கம் பாக்கி. புருஷன் இரண்டு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை நாத்தனார் வழிமறித்தாள்.

"மூச்செல்லாம் நல்லாத்தான் வருது. போண்ணா அந்தப் பக்கம்."