வால்வில் இடம் போட்டவள்

சைலன்சருக்குள் விட்டிருந்த குழாயை உருவிய பரிசோதகர், வேனின் பின்கதவைத் திறந்து கடைசி சீட்டில் இருந்தவர்களை எண்ணினார்.

"அஞ்சு பேரு இருக்காங்க. ரெண்டுக்கு மேல ஆகாதுங்க."

"போன வருசம் ரெண்டுதான் இருந்துச்சு" என்றாள் தெய்வானை.

"வால்வு மாட்டிக்கிட்டிருக்கும். சரி பண்ணிக் கொண்டாங்க. மீட்டர்ல அளவும் சரியில்ல. புகை கன்னங்கரேல்னு வருது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்து நின்ற லாரிக்குப் போனார்.

டீசல் வண்டிகளில் வெளியே போகும் புகையில் ஒரு பங்கு திரும்ப என்ஜினுக்கே வரும். அதற்கென்று ஒரு வால்வு உண்டு. அந்தப் புகையோடு, வண்டியிலிருந்து எப்போதோ இறங்கிப் போனவர்களில் ஒருவரோ இருவரோ திரும்பி வந்து கடைசி சீட்டில் உட்கார்வார்கள். என்ஜின் அதிகம் சூடாகாமல் இருக்க அது தேவை. அளவுக்கு மேல் வந்தால் வண்டி மேட்டில் இழுக்காது, கரும்புகை தள்ளும். வந்தவர்கள், இறங்கிய நாளில் உடுத்தியிருந்த துணியிலேயே, லேசான புகை நிறத்தில் இருப்பார்கள். பெரும்பாலும் பேச மாட்டார்கள்.

தெய்வானையின் வேனில் வந்திருந்த ஐவரில் வாட்ச்மேன் ஆறுச்சாமி பழைய ஆள். மூன்று பேரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஜன்னலோரம் இருந்தவள் மயிலா, தெய்வானையின் தங்கை.

மில் பெண்களை ஏற்றித் தெய்வானை ஓட்டும் அதே வேனில்தான் மயிலாவும் பனியன் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்திருந்தாள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, "இன்னிக்கு நான் ஓட்டறனே" என்று முன்னால் வந்தாள். "பின்னாடி போயி உக்காரு" என்றாள் தெய்வானை. மயிலா பின்னால் போகவில்லை. பைபாஸ் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வரவில்லை. எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது. போன ஆடியிலிருந்து கடைசி சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், அதே பச்சைச் சுடிதாரில், தலைமுடியில் பஞ்சுத் துணுக்கோடு.

புகைச் சான்று இல்லாத வண்டியை மறுநாளிலிருந்து மில் கேட்டுக்குள் விடுவதாக இல்லை. தெய்வானைக்கு வேறு பிழைப்பும் இல்லை. நேராக மெக்கானிக் ஹனீபாவின் ஷெட்டுக்கு விட்டாள்.

ஹனீபா முதலில் ஏர் பில்டரைத் தட்டிப் பார்த்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினார். பிறகு வால்வுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். உறிஞ்சினால் வால்வு திறக்க வேண்டும், விட்டால் டக்கென்று மூட வேண்டும். விட்டுவிட்டுக் காது கொடுத்தார். சத்தம் வரவில்லை.

"தொறந்தே நிக்குதுக்கா."

"தகடு வெச்சு அடைச்சுட்டா?"

"யாருமே வர மாட்டாங்க. புகை கொறையும். ஆனா என்ஜின் கொதிச்சுப் போயிரும். வெறும் சீட்டப் பாத்தா புகை டெஸ்ட்லயும் கண்டுபிடிச்சிருவாங்க."

நான்கு போல்ட்டையும் கழற்றி வால்வை வெளியே எடுத்தார். உள்ளே அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது. கரிக்கு நடுவே, வால்வின் வாயில், நாலாக மடித்த கர்ச்சீப் ஒன்று இருந்தது. ஓரத்தில் ரோஸ் நூலில் பூவேலை. ஹனீபா கையை எடுத்துக்கொண்டார்.

"எடம் போட்டிருக்காங்க."

"எடுத்துரு."

"நான் எப்படிக்கா எடுக்கறது? போட்டவங்கதான் எடுக்கணும்."

அது தெய்வானைக்குத் தெரியாததல்ல. அடுத்தவள் போட்ட கர்ச்சீப்பை நகர்த்தி உட்கார்ந்த பெண்ணை ஒருமுறை பாதி வழியில் இறக்கிவிட்டவள் அவள். சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனாள்.

"மயிலா, உன்ற கர்ச்சீப்பு அங்க கெடக்குது."

"தெரியும்."

"எடுத்துக்கறயா? நாளைக்கு மில்லுக்குள்ள உட மாட்டாங்க."

"எடுத்தா எனக்கு எடம் இருக்காது."

"ஆமா."

மயிலா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஷெட்டில் யாரோ சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்குப் பின்னாடி போ, பின்னாடி போன்னு சொன்னே. இப்பப் பின்னாடியும் எடமில்லேங்கறே."

தெய்வானை சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இந்த ஒரு வண்டிதான் கண்ணு" என்றாள்.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு மயிலா எழுந்தாள்.

இறங்கி முன்பக்கம் வந்து, கர்ச்சீப்பை எடுத்து உதறினாள். கரி பறந்தது. ஹனீபா சோப்புத் தூள் டப்பாவை நீட்டினார். ஷெட் குழாயடியில் உட்கார்ந்து நிதானமாகக் கசக்கினாள். பிழிந்து, விரித்துப் பார்த்து, மறுபடி சோப்புப் போட்டாள். பிறகு ஈரத்தோடு கையில் பிடித்தபடி பெட்ரோல் பங்க் இருந்த பக்கமாக நடந்து போனாள். அவள் திருப்பத்தில் மறைகிற வரை தெய்வானை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹனீபா கரியைச் சுரண்டி, மருந்தடித்து, பிரஷ் போட்டு, வால்வைத் திரும்ப மாட்டினார். குழாயை உறிஞ்சி விட்டார். டக்கென்றது. பேர் தெரியாத மூவரும் இறங்கிச் சற்று நேரம் நிழலில் நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

சாயங்காலம் பரிசோதகர் மீட்டரைப் பார்த்தார், கடைசி சீட்டைப் பார்த்தார். ஆறுச்சாமி மட்டும் இருந்தார். சான்று கிடைத்தது. தெய்வானை அதை முன்கண்ணாடியில் ஒட்டினாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மேல்கண்ணாடியைக் கடைசி சீட்டு தெரியாதபடி திருப்பி வைத்திருந்தாள்.

காலை ஷிப்டுக்குப் பெண்கள் வழக்கம்போல முண்டியடித்து ஏறினார்கள்.

"ஏய், அது எங்க பூங்கொடிக்குப் போட்ட எடம்."

"உங்க பூங்கொடிய நாளைக்கு நேரத்துல எந்திரிக்கச் சொல்லு."

"கையெடுடி, அக்கா பாத்தா எறக்கி உட்ரும்."

தெய்வானை டீயைக் குடித்து முடித்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். சீட்டில் கர்ச்சீப் விரித்திருந்தது. வெள்ளையாக வெளுத்திருந்தது. ரோஸ் ஓரம் மட்டும் இன்னும் காயவில்லை.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். சுற்றிவந்து பின்கதவு வழியாக ஏறினாள். ஆறுச்சாமி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மயிலா இருந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து முன் சீட்டுப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் பேச்சை நிறுத்தாமல் வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள். டிக்கெட்டுக்குச் சில்லறை போவதைப் போல, சாவி கை மாறிக் கை மாறி முன்னால் போயிற்று.